முந்திரிக்காட்டு ஊர்களில் புயற்கால முன்னேற்பாடு

முத்தாண்டிக்குப்பம் கடலூர் மாவட்டம் பண்ருட்டி வட்டத்தில், நெய்வேலிக்கு அருகே உள்ள ஊர். பெயரில் குப்பம் இருந்தாலும் இது கடலோர ஊர் அன்று. நன்கு உள்ளே தள்ளிய செம்மண் மேட்டு நிலம். முந்திரியும் பலாவும் இப்பகுதியின் முக்கியப் பிழைப்பு. புயல் என்பது கடற்கரைக்காரர் கவலை என்ற எண்ணம் இத்தகைய ஊர்களில் நீண்ட காலம் இருந்தது. 1972 டிசம்பரில் ஒரு கடும் புயல் கடலூருக்கு அருகே கரையைக் கடந்தது. ஆனால் அதற்குப் பின் ஒரு தலைமுறைக்கும் மேல் கடந்துவிட்டதால் அதன் பாடம் மங்கிவிட்டது.

பழைய ஏற்பாடு புயலுக்கானதாக இல்லாமல் அடைமழைக்கானதாகவே இருந்தது. கோடையிலேயே கூரையைப் பிரித்துக் கரும்புத்தோகையோ பனையோலையோ புதிதாக வேய்வார்கள். ஐப்பசி பிறக்குமுன் விறகும் வரட்டியும் நனையாத இடத்துக்கு ஏறிவிடும். நெல்லும் விதைக்கடலையும் தரையிலிருந்து உயர்த்தி வைக்கப்படும். அரிக்கேன் விளக்குக்கு மண்ணெண்ணெய் இருக்கும். கிணற்றில் இறைக்க வாளியும் கயிறும் போதும். யாரும் இதைப் பேரிடர் மேலாண்மை என்று சொன்னதில்லை. ஆயினும் பத்து நாள் வெளியுலகம் இல்லாமல் ஒரு குடும்பம் சமாளிக்க அது போதுமானதாக இருந்தது.

தானே புயல்

2011 டிசம்பர் 30 காலை 6.30 மணிக்கும் 7.30 மணிக்கும் இடையே, புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் தானே புயல் கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 120 முதல் 140 கி.மீ. வரை இருந்தது. (வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் 2004-இல்தான் தொடங்கியது, தானே மியான்மர் கொடுத்த பெயர்.) கரையைக் கடந்த புயல் உடனே தணிந்துவிடவில்லை. பண்ருட்டி, நெய்வேலி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்து முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. பாட்டன் வைத்த பலா மரங்கள் முறிந்தன. நெய்வேலி நகரியத்தின் சாலையோர மரங்களும் தப்பவில்லை.

உயிர்தப்பிய குடும்பங்களைத் தொல்லைப்படுத்தியது அடுத்த சில வாரங்கள்தான். மின்கம்பங்கள் வரிசையாக விழுந்திருந்ததால் பல சிற்றூர்களுக்கு மின்சாரம் திரும்ப வெகு நாளாயிற்று. தமிழ்நாட்டுக்கே நிலக்கரி மின்சாரம் அனுப்பும் நெய்வேலியின் புகைபோக்கிகளைப் பார்த்தபடி அக்கம்பக்கத்து ஊர்கள் இருட்டில் கிடந்தன. இருட்டைவிடக் கொடுமை தண்ணீர். திறந்த கிணறுகள் போய் ஆழ்துளைக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும் வந்துவிட்டிருந்தன. மோட்டார் ஓடாவிட்டால் ஊருக்கே குடிநீர் இல்லை. வாடகை ஜெனரேட்டரைக் கொண்டுவந்து தொட்டி நிரப்ப வேண்டியிருந்தது. பழைய ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டதும், அவற்றின் இடத்தில் வேறெதுவும் வைக்கப்படாததும் அப்போதுதான் புலப்பட்டன.

கூரையும் மாறியிருந்தது. ஓலைக்குப் பதில் வந்த சிமெண்ட் ஷீட் மழைக்கு நல்லது, காற்றுக்கு ஆபத்தானது. திறந்திருக்கும் சன்னல் வழியாக உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தூக்கும். கொக்கி தளர்ந்த ஷீட் பறந்து அடுத்த வீட்டாரை வெட்டும். மழைக்காலத்துக்கு முன் கொக்கிகளை இறுக்குவதும், மேலே மணல் மூட்டை ஏற்றுவதும், காற்று வரும் பக்கத்துக் கதவைத் தாழிடுவதும் சிறு வேலைகளே. காற்று மிஞ்சினால் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போய்விடுவதே சரி.

இன்னொரு பாடம் காகிதம் பற்றியது. நிவாரணக் கணக்கெடுப்பில் குடும்ப அட்டை, பட்டா, சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம் ஆகியவை கேட்கப்படும். நனைந்து கூழான பட்டாவை வைத்து எதுவும் செய்ய முடியாது. இவற்றை நெகிழிப் பையில் சுற்றித் தகர டப்பாவில் வைப்பது, அரிசி சேமிப்பதற்கு இணையான முன்னேற்பாடு. குத்தகைக்குத் தோப்பு எடுத்தவர் நிலை இதிலும் மோசம். பயிர் அவருடையது, காகிதம் நிலத்துக்காரருடையது. குத்தகையை எழுத்தில் வைத்துக்கொள்ளும் வழக்கம் பரவ வேண்டும்.

வெள்ளம் வேறு

நான்கு ஆண்டுகள் கழித்து வந்தது காற்றல்ல, நீர். 2015 நவம்பர் 9-ஐ ஒட்டி நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை பதிவானது. மேட்டு நிலத்தில் இவ்வளவு மழை விழுந்தால் நிற்காது. செம்மண்ணை அரித்துக்கொண்டு ஓடைகளில் பாயும். விசூர், பெரியகாட்டுப்பாளையம் ஆகிய ஊர்களில் வீடுகளோடு மனிதர்களையும் அது கொண்டுபோயிற்று. தானேயில் வீட்டுக்குள் இருந்தது பாதுகாப்பு. ஓடையோர வீட்டில் அதே பழக்கம் உயிரைப் பறித்தது. எனவே ஒரு குடும்பம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது தன் வீட்டுக்கு வரும் ஆபத்து காற்றா, நீரா என்பதே. 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணும், 1070 என்ற மாநில எண்ணும் குழந்தைகளுக்கும் தெரிந்திருக்கலாம். ஆனால் ஓடை பொங்க எடுக்கும் நேரம் தொலைபேசியில் பேசி முடிக்கும் நேரத்தைவிடக் குறைவாக இருக்கக்கூடும்.

மரங்கள்

இப்பகுதிக் குடும்பத்தின் சேமிப்பு தோப்பில்தான் இருக்கிறது. மகள் திருமணம், மகன் படிப்பு எல்லாம் முந்திரிக்கொட்டை எடுக்கும் பருவத்தை நம்பியவை. அந்தச் சேமிப்பைப் புயலுக்கு முந்தின நாள் பெட்டியில் பூட்ட முடியாது. கவாத்து செய்து கிளைச்சுமையைக் குறைத்தால் காற்றின் பிடி தளரும். தானேக்குப் பின் மறுநடவில் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 போன்ற ஒட்டு ரகங்கள் கைகொடுத்தன. விதைக்கன்றைவிட ஒட்டுக்கன்று விரைவில் காய்க்கும். மூன்றாம் ஆண்டிலேயே சிறிது கொட்டை காணலாம். கன்று விரியும் வரை இடைவெளியில் மணிலாவும் உளுந்தும் போட்டவர்கள் அந்த ஆண்டுகளைத் தாண்டினார்கள்.