ப்ராசஸர் போனால் கூலரும் போக வேண்டுமா?

கணினியின் மூளை ப்ராசஸர் என்று பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே படித்துவிடுகிறோம். ஆனால் அந்த மூளையின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் உலோகக் கட்டியையும் ஃபேனையும் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ப்ராசஸர் ஒருநாள் செயலிழந்தால், நன்றாக இருக்கும் கூலரும் அதோடு சேர்ந்து பழைய சாமான் கடைக்குப் போய்விடுகிறது. அடுத்த ப்ராசஸருக்கு அதையே மாட்ட முடியாதா? இதற்கான பதில் கூலரின் வரலாற்றில் இருக்கிறது.

கூலரே இல்லாத காலம்

1971-ல் இன்டெல் வெளியிட்ட 4004 ப்ராசஸருக்குக் கூலர் தேவைப்படவில்லை. 1985-ல் வந்த 386-ம் பெரும்பாலும் வெறும் தலையோடுதான் வேலை செய்தது. 1992-ல் 66 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 486 டிஎக்ஸ்2 வந்தபோதுதான் ஹீட் சிங்க் வழக்கமானது. அடுத்த ஆண்டே வந்த முதல் பென்டியம் சுமார் 16 வாட் வரை வெப்பத்தைக் கக்கியது. ஃபேன் இல்லாமல் முடியாது என்ற நிலை வந்துவிட்டது.

பொதுவான கொக்கி

1999-ல் இன்டெலின் சாக்கெட் 370-ம், 2000-ல் ஏஎம்டியின் சாக்கெட் ஏ-யும் வந்தன. இரண்டும் போட்டி நிறுவனங்கள். ஒன்றின் ப்ராசஸர் மற்றதில் நுழையாது. ஆனால் கூலரின் கம்பி மாட்டும் கொக்கி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்! அதனால் இரண்டுக்கும் பொருந்தும் கூலர்கள் கடைகளில் விற்றன. ஒன்று போய் மற்றதற்கு மாறியவர்கள் பழைய கூலரையே கழற்றி மாட்ட முடிந்தது.

ஆனால் அந்தக் காலத்தில் ஆபத்தும் இருந்தது. அப்போதைய ஆத்லான் ப்ராசஸர்களில் சிலிக்கான் சில்லுக்கு மேல் பாதுகாப்பு மூடி கிடையாது. கம்பியைச் சற்றுச் சாய்வாக அழுத்தினால் சில்லின் மூலை உடைந்துவிடும். 2001-ல் டாம்ஸ் ஹார்ட்வேர் இணையதளம் ஒரு சோதனையைப் படம்பிடித்தது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து ஹீட் சிங்கைக் கழற்றினார்கள். பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. ஆத்லானோ சில நொடிகளில் புகைந்து கருகிவிட்டது! சூடு அதிகமானால் தானே வேகத்தைக் குறைக்கும் அல்லது நின்றுவிடும் வசதி பிற்பாடு எல்லா ப்ராசஸர்களிலும் வந்துவிட்டது.

மூன்று மில்லிமீட்டர்

பென்டியம் 4 காலத்தில் கூலர்கள் கனமாயின. சாக்கெட்டின் கொக்கி அந்தப் பாரத்தைத் தாங்காது என்பதால் மதர்போர்டிலேயே துளை போட்டுப் பொருத்தும் முறை வந்தது. கூலரின் தலையெழுத்தை அந்தத் துளைகளின் இடைவெளிதான் தீர்மானித்தது.

2004-ல் வந்த எல்ஜிஏ 775 சாக்கெட்டில் அந்த இடைவெளி 72 மில்லிமீட்டர். 2009-ல் வந்த எல்ஜிஏ 1156-ல் 75. வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்தான். ஆனாலும் பழைய கூலர் அப்படியே பொருந்தவில்லை. அதே 75 மில்லிமீட்டரை 2020-ன் எல்ஜிஏ 1200 வரை இன்டெல் மாற்றவில்லை. அதனால் 2009-ல் வாங்கிய கூலரைக்கூட 2020-ன் மதர்போர்டில் மாட்ட முடிந்தது. 2021-ல் எல்ஜிஏ 1700 வந்தபோது அது 78 ஆனது. மீண்டும் மூன்று மில்லிமீட்டர்!

ஏஎம்டி வேறு வழியில் போனது. 2017-ல் ரைசன் ப்ராசஸர்களோடு பரவலான ஏஎம்4-ல் துளைகள் இடம் மாறின. ஆனால் கம்பி மாட்டும் பிளாஸ்டிக் கொக்கி பழையபடியே இருந்ததால் கம்பி வகைக் கூலர்கள் தப்பித்தன. 2022-ன் ஏஎம்5-லும் ஏஎம்4 கூலர்களில் பெரும்பாலானவை பொருந்துகின்றன. ஆஸ்திரியாவின் நோக்டுவா நிறுவனம், தன் பழைய கூலரை வைத்திருப்பவர்களுக்குப் புதிய சாக்கெட்டுக்கான பொருத்தும் பாகங்களை இலவசமாகவே கொடுத்து வருகிறது. தடையாக இருந்தது உலோகம் அல்ல, நான்கு திருகுகளின் இடம் மட்டும்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2024 காட்டிய உண்மை

2024-ல் இன்டெலின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் பல காரணமில்லாமல் தடுமாறின. ப்ராசஸர் தேவைக்கு அதிகமான மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கியதுதான் காரணம் என்று இன்டெல் அறிவித்தது. ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே கெட்டுப்போனவற்றை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. அவற்றை மாற்றத்தான் வேண்டும். கூலர்களோ எந்தத் தவறும் செய்யவில்லை! மாற்றாக வந்த ப்ராசஸரும் அதே எல்ஜிஏ 1700 என்பதால், அதே கூலரே அதன் மேல் மீண்டும் ஏறியது.

எதை வைத்துக்கொள்ளலாம்?

ஹீட் சிங்க் என்பது செம்பும் அலுமினியமும்தான். தேய்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. தேய்வது ஃபேனின் பேரிங். காய்ந்துபோவது தெர்மல் பேஸ்ட். உடைவது பிளாஸ்டிக் கால்கள். தண்ணீரால் குளிர்விக்கும் வகையில் பம்ப் பழுதாகும், உள்ளிருக்கும் திரவமும் மெல்லக் குறையும். எனவே முதலில் ப்ராசஸர் ஏன் போனது என்று பார்க்க வேண்டும். ஃபேன் நின்று போனதுதான் காரணம் என்றால் ஃபேனை மட்டும் மாற்றினால் போதும். புதிய ப்ராசஸர் எத்தனை வாட் என்பதையும் கவனிக்க வேண்டும். 65 வாட்டுக்குச் செய்த கூலர் 125 வாட்டைச் சமாளிக்காது. பிறகு பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும்.

செம்பையும் அலுமினியத்தையும் பூமியிலிருந்து தோண்டி எடுக்க எவ்வளவோ மின்சாரமும் உழைப்பும் செலவாகின்றன. அவற்றை மூன்று மில்லிமீட்டருக்காகத் தூக்கி எறிவது நியாயமா? அடுத்த சாக்கெட்டை வடிவமைப்பவர்களும் யோசிக்க வேண்டிய கேள்வி இது.