பத்து சென்ட்: கேரளத்து வீட்டுத் தோட்டமும் குடிகிடப்பு உரிமையும்

குறைந்த செலவில் வீட்டுத் தோட்டம் அமைப்பது பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் போடுகின்றன. விதைக்கு எவ்வளவு, எருவுக்கு எவ்வளவு, தண்ணீருக்கு எவ்வளவு என்பது அந்தக் கணக்கு. அதில் ஓர் இனம் எப்போதும் விடுபட்டுப்போகிறது. செடியை ஊன்றும் மண் யாருடையது? ஊன்றியவர் அது காய்க்கும் காலம்வரை அங்கே இருக்க முடியுமா? ஏழையின் வீட்டுத் தோட்டத்தைத் தீர்மானிப்பது பணத்தைவிட இந்தக் கேள்விதான் என்பதைக் கேரளத்தின் நில வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. அந்த வரலாற்றை அங்கு வழங்கும் சில சொற்களின் வழியே பார்ப்பது இப்பதிவின் நோக்கம்.

முதலில் நிலத்தின் பெயர்கள். கேரள வருவாய்த் துறைப் பதிவேடுகளில் 'நிலம்' என்றால் நெல் விளையும் தாழ்ந்த ஈர வயல் மட்டுமே. வீடும் மரங்களும் நிற்கும் மேட்டு மண்ணுக்குப் பெயர் 'புரயிடம்', அதாவது புரை நிற்கும் இடம். வீட்டைக் குறிக்கும் 'புரை' தமிழிலும் பழைய சொல்தான். திருவிதாங்கூரிலிருந்து 1956-இல் தமிழகத்தோடு இணைந்த குமரி மாவட்டத்தில் புரயிடம் என்ற சொல் இன்றும் புழங்குகிறது. மேட்டுத் தோட்டத்துக்கு மலையாளத்தில் 'பறம்பு' என்றும் பெயர். பாரியின் பறம்பை மலையாக மட்டும் அறிந்த நமக்கு, அதே ஒலியுடைய சொல் வீட்டைச் சுற்றியுள்ள தென்னந்தோப்பைக் குறிப்பது வியப்பாக இருக்கலாம். மலபாரில் 'வளப்பு' என்பார்கள். யாழ்ப்பாணத்தார் வீட்டைச் சூழ்ந்த காணியை 'வளவு' என்பதை இதனோடு ஒப்பிடலாம். தெற்கே 'விள' எனப்படுவது குமரித் தமிழின் 'விளை'. இச்சொற்கள் நிலத்தோடு நிற்கவில்லை. பறம்பில், வளப்பில், புரயிடத்தில் என்று வீட்டுப் பெயர்களாகவும் ஆட்பெயர்களோடு ஒட்டிக்கொண்டன. ஒருவரின் தோட்டமே அவருடைய முகவரியாகவும் அடையாளமாகவும் இருந்த சமூகம் அது.

அந்தத் தோட்டத்தின் அமைப்பு வேளாண் அறிவியலாளர் பலரும் ஆராய்ந்த ஒன்று. மேல் அடுக்கில் தென்னையும் கமுகும் நிற்கும். பலாவிலும் முள்முருங்கையிலும் மிளகுக் கொடி ஏறும். அதன் கீழே வாழை, பப்பாளி, முருங்கை. இன்னும் கீழே மரவள்ளி, சேனை, சேம்பு, இஞ்சி, மஞ்சள். தென்னையின் வேர்களில் பெரும்பகுதி அடிமரத்தைச் சுற்றி ஏறத்தாழ 2 மீட்டர் வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. வளர்ந்த தென்னையின் ஓலைகளுக்கிடையே வெயிலும் இறங்கும். எனவே இரண்டு தென்னைகளுக்கு இடைப்பட்ட மண் வேறு பயிர்களுக்குக் கிடைக்கிறது.

இத்தோட்டத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் மிகக் குறைவு. மரவள்ளிக்குத் தண்டுத் துண்டு போதும்; வாழைக்குப் பக்கக் கன்று; சேனைக்குக் கிழங்கின் ஒரு துண்டு; முருங்கைக்கு ஒரு போத்து. எல்லாமே பக்கத்து வீட்டில் கேட்டால் கிடைப்பவை. வேலிக்கு ஊன்றிய சீமைக்கொன்றைக் கிளை துளிர்த்துத் தழையுரமும் தரும். அடுப்புச் சாம்பல் எருவாகும். பாத்திரம் கழுவிய நீர் வாழைத் தடத்துக்குப் போகும். தேங்காய் மட்டையைக் குழியில் புதைத்தால் கோடையில் ஈரம் காக்கும். திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் (ஆட்சி 1880–1885) பரவலாக்கிய மரவள்ளி, இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது அங்குள்ள ஏழைகளின் உணவாகி நின்றதற்கு அச்செடியின் இந்த எளிமையும் ஒரு காரணம்.

ஆக, விதைச் செலவோ உரச் செலவோ பெரிய தடையாக இருக்கவில்லை. தடையாக இருந்தது காலம். கீரை ஒரு மாதத்தில் கைக்கு வரும். மரவள்ளிக்கு எட்டு முதல் பத்து மாதம் வேண்டும். நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகலாம். விதையிலிருந்து வளரும் பலாவும் ஏறக்குறைய அப்படியே. ஆறு ஆண்டுகள் கழித்தும் தாம் இங்கேதான் இருப்போம் என்ற உறுதி இல்லாத ஒருவர் தென்னம்பிள்ளை வைக்கமாட்டார். கீரையும் பயறும் போடுவார். அதிகம் போனால் மரவள்ளி.

மரத்துக்கும் உரிமைக்கும் உள்ள இந்த உறவைக் கேரளத்தின் பழைய குத்தகை முறைகள் நன்றாகவே அறிந்திருந்தன. 'குழிக்காணம்' என்பது அவற்றுள் ஒன்று. தரிசுப் பறம்பில் குழி தோண்டி மரம் வைப்பவருக்குக் குறிப்பிட்ட காலம், மலபாரில் வழக்கமாக 12 ஆண்டுகள், அந்த நிலத்தைத் தரும் முறை இது. வைத்த மரத்தில் குத்தகையாளருக்கு உள்ள பங்கைக் 'குழிக்கூறு' என்றார்கள். குழி தோண்டிய உழைப்பே ஒரு கூறாக, ஒரு பங்காக எண்ணப்பட்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலபாரில் குத்தகையாளர்களை வெளியேற்றுவது பெருகியபோது அங்கு நில உறவுகளை ஆராய அமர்த்தப்பட்ட வில்லியம் லோகன், குத்தகையாளர்களின் பாதுகாப்பின்மையை விரிவாகப் பதிவு செய்தார். அதன்பின், 1887-இல் சென்னை மாகாண அரசு மலபார்க் குத்தகையாளர் மேம்பாட்டு இழப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வெளியேற்றுவதானால் அவர் வைத்த மரங்களுக்கு விலை கொடுத்துவிட்டே வெளியேற்ற வேண்டும் என்பது அதன் சாரம். திருவிதாங்கூரில் 1865-ஆம் ஆண்டின் பட்டப் பிரகடனம் அரசு நிலத்தைப் பயிரிட்டவர்களுக்கு முழு உடைமை உரிமையே அளித்திருந்தது.

இந்தப் பாதுகாப்புகள் எவையும் ஏணியின் கடைசிப் படியில் இருந்தவரை எட்டவில்லை. அவர்தான் 'குடிகிடப்புக்காரர்'. நிலவுடைமையாளரின் தோட்டத்து மூலையில், அவர் அனுமதியோடு குடிசை போட்டுக்கொண்டவர். தோப்புக்குக் காவலும் அழைத்த நேரத்தில் வேலையும் அவரிடம் எதிர்பார்க்கப்பட்டன. இவர்களுள் பெரும்பாலோர் புலையர், பறையர், ஈழவர் முதலிய சமூகத்தினர். பிரிட்டிஷ் இந்தியாவில் 1843-இலும் திருவிதாங்கூரில் 1855-இலும் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தபோது விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் எதுவும் கிடைக்கவில்லை. பலர் முன்பு இருந்த அதே மண்ணில், வேறொரு பெயரில் தொடர்ந்தார்கள்.

அந்தப் பெயரைச் சற்றுக் கவனிக்க வேண்டும். தமிழில் நாம் 'குடியிருப்பு' என்கிறோம். அச்சொல் மலையாளத்திலும் உண்டு. 'குடிகிடப்பு' அதன் இணைச்சொல். இருத்தல், கிடத்தல் என்னும் இரண்டு வினைகளும் இரு மொழிகளுக்கும் பொது. சொல்லின் பிறப்பைக் கொண்டு மட்டும் சமூக நிலையை நிறுவிவிட முடியாது என்பது மொழியியலின் முதற்பாடம். ஆனால் இங்கே சட்டமே இவ்விரு சொற்களையும் பிரித்துவைத்திருக்கிறது. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் குடியிருப்பைத் தனியாக வரையறுத்து, அதில் குடிகிடப்பு அடங்காது என்கிறது. குடியிருப்பு, குத்தகை உரிமையுள்ளவரின் மனையும் அதைச் சார்ந்த நிலமும். குடிகிடப்பு, பிறர் அனுமதியில் நிற்கும் குடிசை. உடைமையாளர் கட்டித்தந்த குடிசையானால், கட்டிய காலத்தில் அதன் செலவு 750 ரூபாயைத் தாண்டியிருக்கக் கூடாது, அல்லது மாத வாடகை 5 ரூபாய்க்கு மேல் பெறாததாக இருக்க வேண்டும் என்று சட்டம் அளவும் சொல்கிறது. இருப்பவருக்கும் கிடப்பவருக்கும் இடையிலான தூரத்தை இதைவிடத் துல்லியமாக யாரும் அளந்திருக்க முடியாது.

குடிகிடப்புக்காரரின் குடிசை வாசலிலேயே தென்னை நின்றது. ஆனால் காய் அவருடையதில்லை. கூலி உயர்வு கேட்டாலோ சங்கத்தில் சேர்ந்தாலோ குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்ல உடைமையாளரால் முடிந்தது. அந்த நிலையில் வீட்டுத் தோட்டம் என்பதற்கு என்ன பொருள் இருக்க முடியும்?

1957 ஏப்ரல் 5 அன்று இ. எம். எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் அமைச்சரவை பதவியேற்றது. ஒரு வாரம் முடிவதற்குள், ஏப்ரல் 11 அன்று, குத்தகையாளர்களையும் குடிகிடப்புக்காரர்களையும் வெளியேற்றுவதைத் தடுக்கும் அவசரச் சட்டம் வந்தது. தோட்ட வரலாறு என்ற நோக்கில் இது முதல் திருப்பம். மண் இன்னும் சொந்தமாகவில்லை. ஆனால் அடுத்த பருவம்வரை இருக்கலாம் என்பது உறுதியாயிற்று. பின்னர் வந்த நில உறவுச் சட்டம் பல தடைகளைச் சந்தித்தது. 1959-இல் அமைச்சரவை கலைக்கப்பட்டது. 1961-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் ஒரு பகுதியைச் செல்லாததாக்கியது. 1963-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் 1969-இல் பெரிதும் திருத்தப்பட்டு, 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கேசவானந்த பாரதி வழக்கு இச்சட்டத்தை எதிர்த்தே தொடங்கியது. அரசியலமைப்பின் 'அடிப்படைக் கட்டமைப்பு' பற்றி இன்று நாம் விவாதிப்பதற்கும் இந்தத் தோட்டங்களுக்கும் அப்படி ஒரு தொடர்பு உண்டு.

திருத்தப்பட்ட சட்டம் குடிகிடப்புக்காரருக்குத் தம் குடிசையையும் அதைச் சுற்றிய நிலத்தையும் விலைக்கு வாங்கும் உரிமை தந்தது. ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், பெருநகரங்களில் 3 சென்ட். விலை சந்தை மதிப்பில் கால் பங்கோ அதற்கும் குறைவோ. அதையும் தவணைகளில் செலுத்தலாம். ஆனால் சட்டம் வந்தவுடன் நிலம் கைக்கு வந்துவிடவில்லை. அப்போது ஆட்சியில் இருந்தது சி. அச்சுத மேனன் அமைச்சரவை. எதிர்க்கட்சியாக இருந்த மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி சார்ந்த விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் 1969 டிசம்பரில் ஆலப்புழையில் மாநாடு கூடி, அதிகாரிகளுக்காகக் காத்திராமல் ஜனவரி முதல் நாளிலிருந்து தாங்களே சட்டத்தை நடைமுறைப்படுத்துவதென்று அறிவித்தார்கள். குடிசையைச் சுற்றிப் பத்து சென்ட்டை அளந்து வேலி கட்டுவதும், அதற்குள் நின்ற தென்னையில் ஏறித் தேங்காய் பறிப்பதுமே அந்தப் போராட்டத்தின் வடிவம். அதற்காக வழக்குகளையும் தடியடியையும் சந்தித்தார்கள். உரிமையை நிறுவ ஆவணத்துக்கு முன்பே வேலியும் விளைச்சலும் முன்வைக்கப்பட்டன என்பது இங்கே கருதத்தக்கது.

பத்து சென்ட் என்பது 4,356 சதுர அடி. ஏழரை மீட்டர் இடைவெளியில் தென்னை வைத்தால் ஏழு மரம். குடிசைக்கு இடம் விட்டால் ஐந்தோ ஆறோ. இடையில் வாழையும் மரவள்ளியும், ஓரத்தில் முருங்கையும் பலாவும், பலாவில் மிளகும். வாழ்க்கைக்கு இது போதாது. கூலி வேலைக்குப் போயே தீர வேண்டும். ஆயினும் வேலை இல்லாத மழை நாளில் பிடுங்கி வேகவைக்க ஒரு கிழங்கு உண்டு. கூலி கேட்டதற்காக வீட்டை இழக்க வேண்டியதில்லை என்பதால் பேரம் பேசும் வலிமையும் சற்றுக் கூடுகிறது. இலட்சக்கணக்கான குடும்பங்கள் இவ்வாறு உரிமை பெற்றன.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது வரலாறாகாது. குத்தகையாளருக்கு வயல் கிடைத்தது. அந்த வயலில் சேற்றில் நின்று நட்டவருக்குக் கிடைத்தது மனை மட்டுமே. நிலச் சீர்திருத்தம் தலித் மக்களை உழவர்களாக்காமல் வீட்டு மனைக்காரர்களாக நிறுத்திவிட்டது என்ற விமர்சனத்துக்கு இன்றுவரை சரியான மறுமொழி இல்லை. உச்சவரம்பிலிருந்து பெருந்தோட்டங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. குடிகிடப்பு கூட இல்லாதவர்களுக்காக 1972-இல் அமைச்சர் எம். என். கோவிந்தன் நாயர் தொடங்கிய 'லட்சம் வீடு' திட்டத்தில் ஒரே சுவரைப் பகிரும் இரட்டை வீடுகள் எழுந்தன. அத்தகைய குடியேற்றங்கள் பலவற்றில் இறந்தவரைப் புதைக்க இடமின்றி அடுக்களைத் தரையைத் தோண்டிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. புதைக்கவே மண் இல்லாத இடத்தில் விதைக்க மண் ஏது? முத்தங்கையில் 2003-இலும் செங்கறையில் 2007-இலும் எழுந்த நிலப் போராட்டங்கள் அந்த மீதிக் கணக்கிலிருந்து பிறந்தவை.

இன்று கேரள வேளாண் துறை 'ஓணத்துக்கு ஒரு முறம் பச்சக்கறி' என்று வீடுதோறும் காய்கறி வளர்க்கச் சொல்கிறது. 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து தரிசைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுகிறார்கள். மொட்டை மாடிகளில் வளர்ப்புப் பைகள் வரிசையாக நிற்கின்றன. இவையெல்லாம் நல்ல முயற்சிகளே. ஆனால் பையில் வெண்டையும் தக்காளியும் வளரும், பலா வளராது. ஓராண்டுக் குத்தகையில் மரவள்ளி போடலாம்; தென்னை வைக்க முடியாது. வாடகை வீட்டில் இருப்பவரும், நிச்சயமற்ற குத்தகையில் பயிரிடுபவரும் எதை நடுகிறார்கள், எதை நடாமல் விடுகிறார்கள் என்று பார்த்தால், பழைய குடிகிடப்புக்காரரின் பயிர்த் தேர்வே திரும்பி வருவதைக் காணலாம்.

வீட்டுத் தோட்டம் பற்றிக் கள ஆய்வுக்குச் செல்லும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். என்ன செடிகள் உள்ளன என்ற பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். அவற்றுள் காய்க்க ஐந்தாண்டுக்கு மேல் எடுப்பவை எத்தனை, அவற்றை வைத்தவர் யார், எந்த ஆண்டில் வைத்தார் என்றும் கேளுங்கள். அந்தக் குடும்பத்துக்கு மண்ணின் மேல் நம்பிக்கை பிறந்த ஆண்டு எதுவென்று அந்த விடை சொல்லிவிடும். கேரளத்தில் பல வீடுகளில் அது 1970-க்குப் பிந்திய ஓர் ஆண்டாக இருக்கும்.