மெமரி ஃபோம் டாப்பர்: கடைக் குளிரில் ஒரு மாதிரி, வீட்டுப் புழுக்கத்தில் வேறு மாதிரி

சாங்கி விமான நிலையத்திலும் சுற்றியுள்ள கிடங்குகளிலும் இரவு வேலை முடித்து, ஊர் விழிக்கும் நேரத்தில் படுக்கைக்குப் போகிறவர்கள் நம்மில் பலர். முதுகு வலித்தால் முதலில் பழி மெத்தைமேல்தான் விழும். புது மெத்தை வாங்கப் பணம் அதிகம் ஆகும் என்பதால், அதன்மேல் போடும் மெமரி ஃபோம் விரிப்பை வாங்கிப் பார்க்கலாம் என்று தோன்றும். கடையில் ‘டாப்பர்’ என்றுதான் அதைக் கேட்க வேண்டும். நூறு வெள்ளிக்கும் கிடைக்கிறது, அதற்குப் பல மடங்கு விலையிலும் கிடைக்கிறது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால்தான் குழப்பம்.

வாங்குவதற்குமுன் இருக்கிற மெத்தையைச் சோதித்துப் பாருங்கள். விரிப்பை எடுத்துவிட்டு, மெத்தையின் குறுக்கே ஒரு நீளமான துடைப்பக் கட்டையை வையுங்கள். கட்டைக்கும் மெத்தைக்கும் இடையில், நீங்கள் வழக்கமாகப் படுக்கும் இடத்தில், இரண்டு விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் டாப்பர் உதவாது. ஃபோம் அந்தப் பள்ளத்தோடு சேர்ந்து இறங்கிவிடும். மெத்தை சமமாக இருந்து, கல்லாக இறுகிப் போயிருந்தால் மட்டுமே டாப்பருக்குச் செலவழிப்பதில் பொருள் உண்டு.

முதுகு வலிக்குக் கெட்டியான படுக்கைதான் மருந்து என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரிடம் நடந்த ஆய்வு 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்தது என்பது அதன் முடிவு. மெத்தென்று புதையும் படுக்கை நல்லது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. காலில் மரத்துப் போதல், வலி இறங்குதல் போன்றவை இருந்தால் டாப்பர் கடைக்குமுன் மருத்துவரிடம் போங்கள்.

இந்த ஃபோமின் கதைக்கும் விமானத்துக்கும் தொடர்பு உண்டு. 1966இல் அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காகச் சார்ல்ஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் விமான இருக்கைகளுக்காக உருவாக்கியது இது. மோதலின் அதிர்ச்சியைத் தாங்கவும் நீண்ட நேரம் உட்காருபவருக்கு வசதியாக இருக்கவும் செய்யப்பட்டது. ‘விண்வெளித் தொழில்நுட்பம்’ என்று விளம்பரத்தில் வருவது இதைத்தான். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியது வெப்பம். மெமரி ஃபோம் சூட்டில் இளகும், குளிரில் இறுகும். உடல் சூடு பட்ட இடம் மட்டும் மெல்ல இறங்கி, எழுந்தபின் மெல்லத் திரும்புவது இதனால்தான். குளிரூட்டி ஓடும் கடையில் கையை வைத்து அழுத்தினால் ‘நல்ல கெட்டி’ என்று தோன்றும். அதே ஃபோமை, காற்றாடி மட்டும் சுழலும் வீவக படுக்கையறையில் போட்டால் கூடுதலாகக் குழையும். படுப்பவர் ஆழமாகப் புதைவார், உடலைச் சுற்றிக் காற்று போகாது, வேர்க்கும். இரவெல்லாம் குளிரூட்டி போடாத வீடு என்றால், கடையில் உங்களுக்குச் சரியென்று தோன்றுவதைவிட ஒரு படி கெட்டியானதை எடுங்கள். பகலில் தூங்குபவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். ‘கூலிங் ஜெல்’ படுத்தவுடன் சில்லென்று இருக்கும், சற்று நேரத்தில் அதுவும் உடல் சூட்டுக்கு வந்துவிடும். துளையிட்ட ஃபோம் ஓரளவு பரவாயில்லை. குளிரூட்டியே இல்லாதவர்களுக்கு என் பரிந்துரை லேடெக்ஸ் டாப்பர். பால் மரம் வெட்டிய தலைமுறைக்கு அறிமுகமான அதே ரப்பர்ப் பால்தான். சூட்டில் அவ்வளவு குழையாது, உடனே எழும்பும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் தவிர்க்க வேண்டும்.

அடுத்தது அடர்த்தி. விற்பனையாளர் சொல்லத் தயங்கும் எண் இதுதான். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதே அடர்த்தி. ஐம்பதும் அதற்கு மேலும் இருந்தால் நம்பலாம். முப்பதை ஒட்டியது விரைவில் தட்டையாகிவிடும். இணையத்தில் பவுண்டு கணக்கில் போட்டிருந்தால், மூன்று பவுண்டு என்பது ஏறக்குறைய 48 கிலோ. எண்ணே போடவில்லை என்றால் எடையைக் கேளுங்கள். 152க்கு 190 செண்டிமீட்டர் குவீன் அளவில், 5 செண்டிமீட்டர் தடிமனுள்ள டாப்பர் 50 கிலோ அடர்த்தியில் ஏழு கிலோவுக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். சூப்பர் சிங்கிள் என்றால் ஐந்து கிலோ. குவீன் டாப்பர் நாலரை கிலோதான் என்றால் அடர்த்தி 31 மட்டுமே. பொட்டலத்தின் எடையிலிருந்து உறை, பெட்டி ஆகியவற்றின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். அடர்த்தி வேறு, கெட்டித்தன்மை வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். அடர்த்தி, எத்தனை காலம் உழைக்கும் என்பதைச் சொல்லும்.

தடிமன் பெரும்பாலானோருக்கு 5 செண்டிமீட்டர் போதும். பக்கவாட்டில் படுத்துத் தோள் வலிப்பவர்களும் உடல் எடை கூடியவர்களும் 7 செண்டிமீட்டர் வரை போகலாம். குப்புறப் படுப்பவர்களுக்குத் தடித்த ஃபோம் வேண்டாம், இடுப்பு இறங்கி முதுகு வளையும்.

வீட்டில் முதியவர் இருந்தால் இங்கே நிதானிக்க வேண்டும். டாப்பர் கட்டிலின் உயரத்தைக் கூட்டும். ஓரத்தில் உட்கார்ந்தால் ஃபோம் சரியும். இரவில் கழிவறைக்குப் போக எழும்போது பாதம் தரையில் முழுமையாகப் பதியாவிட்டால் விழுந்துவிடும் ஆபத்து உண்டு. புதைந்த இடத்திலிருந்து புரண்டு எழவும் அவர்களுக்குக் கூடுதல் பலம் தேவை. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் புண் வராமல் தடுக்க இது மட்டும் போதாது, அதற்கான மெத்தையைத் தாதியரிடம் கேட்டு வாங்குங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை மெமரி ஃபோமில் படுக்க வைக்கவே கூடாது. முகம் புதைந்தால் அதனால் திரும்ப முடியாது. ஈரடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் டாப்பர் போட்டால் தடுப்புக் கம்பியின் உயரம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். பிள்ளைகள் அறைக்கும் ஊழியர் தங்குவிடுதிக்கும் இது பொருந்தும்.

அளவில் ஏமாறாதீர்கள். உள்ளூர்க் கட்டில்கள் பொதுவாக 190 செண்டிமீட்டர் நீளம், ஐரோப்பிய அளவில் வருபவை 200. நீளம் கூடிய டாப்பரின் நுனி தொங்கும். நழுவாமலிருக்க நான்கு மூலையிலும் பட்டை உள்ளதாகப் பாருங்கள். இருக்கும் விரிப்பு புதிய உயரத்துக்குப் போதுமா என்பதையும் அளந்துகொள்ளுங்கள்.

நம் ஊர் ஈரப்பதத்தில் பூசணம் பெரிய தொல்லை. அடியில் சாமான் வைக்கும் பெட்டிக் கட்டிலில் பலகை முழுதாக மூடியிருப்பதால் காற்று புகாது. வாரம் ஒருமுறை டாப்பரைத் தூக்கிச் சாய்த்து, காற்றாடியின்கீழ் விடுங்கள். டிசம்பர், ஜனவரி மழையில் இன்னும் அடிக்கடி. ஊரில் இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போடுவார்களே, அந்தப் பழக்கம் இதற்கு ஆகாது. சூரிய ஒளி ஃபோமை மஞ்சளாக்கிப் பொடியச் செய்யும். துவைக்கவும் முடியாது. அதனால் நீர் புகாத, ஜிப் வைத்த உறை கட்டாயம். மூட்டைப்பூச்சிக்கும் அது தடை. யாரோ பயன்படுத்தியதை இலவசமாகத் தருகிறார்கள் என்றாலும் வேண்டாம். புதியதில் வரும் வாடை போக, சன்னலைத் திறந்து சில நாள் வைத்தபின் பயன்படுத்துங்கள். ஃபோம் எளிதில் தீப்பிடிக்கும், கைப்பேசியைப் படுக்கையில் வைத்து மின்னூட்ட வேண்டாம்.

உறையைப் பிரித்த படுக்கைப் பொருளைப் பல கடைகள் திரும்ப வாங்குவதில்லை. பணம் கட்டுமுன் அதைக் கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ‘அடர்த்தி 50’ என்று சொன்னால் அதையும் எழுதச் சொல்லுங்கள். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள ‘லெமன் சட்டம்’, பொருளை ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை ஆரம்பத்திலேயே இருந்ததாகக் கருதுகிறது. அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது விற்பவர் பொறுப்பு. முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப் பொருள், அது நடக்காவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணம் திரும்பக் கேட்கலாம். மனம் மாறிவிட்டது என்பதற்கு இச்சட்டம் உதவாது. சிக்கல் என்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். வெளிநாட்டு இணைய விற்பனையாளரிடம் இந்த உரிமையை நிலைநாட்டுவது கடினம்.

பழைய டாப்பரையோ மெத்தையையோ தாழ்வாரத்தில் சாய்த்து வைக்காதீர்கள், தீ நேர்ந்தால் வழியை அடைக்கும். பெரிய பொருள்களை எடுத்துச் செல்லும் சேவை உங்கள் நகர மன்றத்தில் இருக்கும். முன்கூட்டியே அழைத்து நாள் குறித்துக்கொள்ளுங்கள்.