மூன்றாவது ஆள் வந்ததும் படம் ஏன் போகிறது? - ஒரு முகவரி வரலாறு

சொந்தமாக ஒரு சர்வரில் ஜிட்சி மீட் நிறுவிப் பார்த்தவர்களில் பலருக்கு இந்த விசித்திரம் தெரிந்திருக்கும். இரண்டு பேர் பேசும்போது படமும் குரலும் அருமையாக வரும். மூன்றாவதாக ஒருவர் உள்ளே நுழைந்ததும் எல்லோர் முகமும் கறுப்புக் கட்டமாகி விடும். அவர் வெளியே போனால் மறுபடி சரியாகி விடும்! கேமராவைக் கழற்றி மாட்டுவார்கள், பிரவுசரை மாற்றுவார்கள், கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவார்கள். எதற்கும் மசியாது. ஏனென்றால் கோளாறு கேமராவில் இல்லை, முகவரியில் இருக்கிறது. அதுவும் முப்பது வருடப் பழைய கோளாறு.

430 கோடி போதும் என்றிருந்த காலம்

இணையத்தில் பேசும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் முகவரி வேண்டும். அந்த முகவரி எப்படி இருக்க வேண்டும் என்று 1981 செப்டம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 791 என்ற ஆவணம் வகுத்தது. (இணையத்தின் விதிமுறைகளை எழுதி வைக்கும் ஆவண வரிசைக்குத்தான் ஆர்.எஃப்.சி. என்று பெயர்.) முகவரிக்கு 32 பிட் இடம். கணக்குப் போட்டால் சுமார் 430 கோடி முகவரிகள் வரும். இணையத்தில் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக் கூடங்களும் மட்டுமே இருந்த காலத்தில் அது கடல் போன்ற எண்ணிக்கை.

அன்றைய இணையத்தில் ஒரு நல்ல குணம் இருந்தது. எல்லோருக்கும் சொந்த முகவரி உண்டு, யாரும் யாரையும் நேரடியாக அழைக்கலாம். 1992-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான சியூ-சீமீ என்ற வீடியோ மென்பொருள் இப்படித்தான் வேலை செய்தது. எதிராளியின் முகவரியைத் தட்டினால் கறுப்பு வெள்ளையில் அவர் முகம் வரும். பல பேர் சேர்ந்து பேச ரிஃப்ளெக்டர் என்றொரு சர்வர் மென்பொருளும் பிறகு வந்தது. அதைத் தங்கள் கணினியிலேயே ஓட்டலாம். இன்றைய சொந்த சர்வர் ஆசைக்கு அதுதான் பாட்டன்.

வாட்ச்மேன் வந்தார்

தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே முகவரிகள் தீர்ந்து விடும் என்பது தெரிந்து விட்டது. 1994 மே மாதம் எகேவாங், ஃபிரான்சிஸ் என்ற இருவர் எழுதிய ஆர்.எஃப்.சி. 1631 ஒரு வழி சொன்னது. அதன் பெயர் நாட். ஒரு கட்டிடத்தில் உள்ள எல்லாக் கணினிகளும் வெளியுலகுக்கு ஒரே முகவரியைக் காட்டிக் கொள்ளும் தந்திரம்.

நாற்பது வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக் கொள்ளுங்கள். வெளியே ஒரே கதவு எண். உள்ளே இருந்து யாராவது கடிதம் போட்டால் வாட்ச்மேன் நோட்டில் குறித்துக் கொள்வார். பதில் வந்ததும் நோட்டைப் பார்த்துச் சரியான வீட்டில் சேர்ப்பார். ஆனால் முன்பின் தொடர்பில்லாத ஒருவரிடமிருந்து கடிதம் வந்தால்? யாருக்கு என்று தெரியாது. தூக்கிப் போட்டு விடுவார்.

வலைத்தளம் பார்க்க இது போதும். நாம் கேட்கிறோம், பதில் வருகிறது. ஆனால் வீடியோ அழைப்பு என்றால் எதிராளி நம்மைத் தேடி உள்ளே வர வேண்டும். இரண்டு பக்கமும் வாட்ச்மேன் இருந்தால் யார் யாருக்கு முதல் கடிதம் போடுவது?

இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், இது நீண்ட காலத்துக்கு ஏற்ற தீர்வு அல்ல, குறுகிய காலத்துக்கே கூடப் பொருந்தாமல் போகலாம் என்று அந்த ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நிரந்தரத் தீர்வாக 128 பிட் முகவரி கொண்ட ஐ.பி.வி.6 அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே ஆர்.எஃப்.சி. 1883 ஆக வந்தும் விட்டது. ஆனால் தற்காலிகம் மலிவு, நிரந்தரம் செலவு. உலகம் எதைத் தேர்ந்தெடுத்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா? வணிகவியல் மாணவனான எனக்கு இது, அவசரத்துக்கு வாங்கிய கைமாற்றைத் திருப்பாமல் காலமெல்லாம் வட்டி கட்டும் கதையாகத் தெரிகிறது. அந்த வட்டி என்ன என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

2003: மூன்று நிகழ்வுகள்

அந்த ஆண்டு மார்ச்சில் ஸ்டன் என்ற முறை வெளியானது. வெளியே உள்ள ஒரு சர்வரிடம் "நான் உனக்கு எந்த முகவரியில் தெரிகிறேன்?" என்று கேட்டு, கிடைத்த பதிலை எதிராளியிடம் சொல்லி விடுவது. எளிய வழிதான். ஆனால் சில வாட்ச்மேன்கள் ஆளுக்கு ஆள் வேறு அடையாளம் காட்டுவார்கள், அவர்களிடம் பலிக்கவில்லை. 2008-ல் திருத்தி எழுதியபோது அதன் விரிவாக்கப் பெயரில் இருந்த "எளிய" என்ற சொல்லையே எடுத்து விட்டார்கள்!

ஆகஸ்டில் ஸ்கைப் வந்தது. நேரடியாகப் போக முடியாதபோது, பொது முகவரி உள்ள வேறு பயனாளர்களின் கணினிகளையே நடுவில் தரகராக வைத்து வேலையை முடித்தது. மக்கள் அள்ளிக் கொண்டார்கள். ஆனால் உள்ளே நடப்பது ரகசியம், இடம் அவர்களுடையது.

மூன்றாவது நிகழ்வை அன்று யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் எமில் இவோவ் என்ற மாணவர் தன் படிப்புக்காக ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் ஜிட்சி ஆனது. இதேபோல் 2007-ல் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் வகுப்பு எடுப்பதற்காகப் பிறந்தது பிக்புளூபட்டன். இரண்டும் யாரும் எடுத்துத் தங்கள் சர்வரில் நிறுவிக் கொள்ளக்கூடியவை.

பிரவுசருக்குள் வந்த கேமரா

2010-ல் குளோபல் ஐ.பி. சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனத்தை கூகுள் வாங்கியது. அதன் ஒலி, ஒளி நுட்பங்களைச் சேர்த்து 2011-ல் வெப்ஆர்டிசி என்று திறந்து விட்டது. இனி தனி மென்பொருள் வேண்டாம், பிரவுசர் போதும். முகவரிச் சிக்கலுக்கான பழைய மருந்துகள் எல்லாம் அதற்குள்ளேயே வந்து விட்டன. ஸ்டன் உண்டு. நேர்வழி அடைபட்டால் எல்லாவற்றையும் ஒரு நடுச் சர்வர் வழியே திருப்பி விடும் டர்ன் உண்டு. இருக்கிற முகவரிகளை எல்லாம் பட்டியலிட்டு, ஒவ்வொரு சோடியாக முட்டிப் பார்க்கும் ஐஸ் உண்டு.

இனி மர்மத்துக்கு வருவோம்

ஜிட்சியில் இரண்டு பேர் மட்டும் இருந்தால் அவர்களுடைய பிரவுசர்கள் நேரடியாகப் பேசிக் கொள்ளும். சர்வர் அறிமுகம் செய்து வைப்பதோடு சரி. மூன்றாவது ஆள் வந்ததும் எல்லோருடைய படமும் சர்வரில் உள்ள வீடியோபிரிட்ஜ் வழியே போக வேண்டும். ஆக, கறுப்புக் கட்டம் சொல்லும் செய்தி ஒன்றுதான்: சர்வரின் பாலத்தை யாராலும் தொட முடியவில்லை.

காரணங்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, கதவு பூட்டியிருக்கிறது. அறை திறப்பதும் அரட்டை ஓடுவதும் வலைப்பக்கத்துக்கான 443-ஆம் போர்ட் வழியே. படம் போவது வேறு வழி: யுடிபி 10000. பிக்புளூபட்டன் என்றால் யுடிபி 16384 முதல் 32768 வரை. ஃபயர்வாலில் இவற்றைத் திறக்க மறந்தால் பெயர்கள் தெரியும், முகம் தெரியாது.

இரண்டு, சர்வரே ஒரு வாட்ச்மேனுக்குப் பின்னால் இருக்கிறது. வாடகை சர்வர்களில் இது சகஜம். தன் முகவரி என்ன என்று கேட்டால், 10 என்றோ 192.168 என்றோ தொடங்கும் உள்வீட்டு எண்ணைத்தான் அது சொல்லும். எல்லோரும் அந்த எண்ணைத் தேடித் தங்கள் வீட்டுக்குள்ளேயே முட்டிக் கொள்வார்கள். வெளி முகவரி இன்னது என்று அமைப்புக் கோப்பில் எழுதி விட்டால் தீர்ந்தது.

இன்னும் சில அறிகுறிகள். வீட்டிலிருந்து வருகிறது, அலுவலகத்திலிருந்து வரவில்லை என்றால் அங்கே யுடிபியை அடைத்திருப்பார்கள். டர்ன் சர்வரை 443-ஆம் போர்ட்டில் டிஎல்எஸ்-ஸுடன் வைத்தால் சாதாரண வலைப் போக்குவரத்து போலவே போய் விடும். கேமரா அனுமதியே கேட்கவில்லை என்றால் சான்றிதழைப் பாருங்கள். 2015 டிசம்பரில் வந்த குரோம் 47 முதல், பாதுகாப்பான இணைப்பு இல்லாத தளத்துக்குக் கேமரா கிடையாது. அதே மாதம் லெட்ஸ் என்கிரிப்ட் இலவசச் சான்றிதழைப் பொதுமக்களுக்குத் திறந்து விட்டது நல்ல காலம்!

வீட்டு இணைப்பிலேயே சர்வர் வைக்க ஆசையா? ரவுட்டரின் வெளி முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் ஆசையை ஒத்திப் போடுங்கள். 2011 பிப்ரவரியில் முகவரிகளின் மத்தியக் கையிருப்பு தீர்ந்து போனது. 2012-ல், இணைய நிறுவனங்களே தங்கள் வாடிக்கையாளர்களை மொத்தமாக ஒரு பெரிய வாட்ச்மேனுக்குப் பின்னால் வைப்பதற்காக இந்த எண்களை ஒதுக்கினார்கள். உங்கள் வீட்டு வாசலுக்கு முன்னால் ஊர் வாசல் ஒன்று, சாவி உங்களிடம் இல்லை.

இவ்வளவு பாடு எதற்கு?

இருபது பேர் கூடும் அறையில் ஒவ்வொருவர் படமும் மற்ற பத்தொன்பது பேருக்குப் போக வேண்டும். அப்படியே அனுப்பினால் சர்வரிலிருந்து 380 ஓடைகள் கிளம்பும். மென்பொருள் இலவசம்தான், அலைவரிசை இலவசம் இல்லை. பேசாமல் பெரிய நிறுவனத்தின் இடத்தில் கூடி விட்டுப் போகலாமே?

போகலாம். ஆனால் அங்கே விதி அவர்களுடையது. கணக்கே தேவைப்படாமல் இருந்த ஜிட்சியின் பொதுத் தளத்தில் 2023 ஆகஸ்ட் முதல் அறை தொடங்குபவர் உள்நுழைய வேண்டும் என்றாகி விட்டது. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கலாம், முடிவு நம் கையில் இல்லை. 2003-ல் உலகத்தையே பேச வைத்த ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டது. அதே ஆண்டில் ஒரு மாணவர் தொடங்கிய ஜிட்சியை இன்றும் யாரும் இறக்கித் தங்கள் சர்வரில் நிறுவிக் கொள்ளலாம்.

1992-ல் ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட யாருடைய தயவும் வேண்டியிருக்கவில்லை. நாட் வந்த பிறகு நடுவில் ஒரு தரகர் கட்டாயமானார். நான் சொன்ன வட்டி அதுதான். அசலான ஐ.பி.வி.6-ஐ உலகம் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து வருகிறது. முழுதாகத் தீரும்வரை, தரகர் யாரோ ஒருவராக இல்லாமல் நமக்கு நாமே இருந்து கொள்வதற்கான வழிதான் சொந்த சர்வர். அடுத்த முறை கறுப்புக் கட்டம் வந்தால் கேமராவைத் திட்டாதீர்கள். முதலில் யுடிபி 10000 திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.