பிரியதத்தம்

‘நிபந்தனையற்ற அன்பு’ என்ற தொடர் திருகோணமலைப் பக்கத்துப் பிரசங்கங்களில் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. தொடர் புதிது. ஆனால் நிபந்தனை என்ற சொல்லுக்கு இந்த மாவட்டத்தில் பழைய உறவு ஒன்று உண்டு. கோயிலின் அன்றாடச் செலவுக்கென எழுதிவைத்த நிலத்தையும் பொருளையும் சோழர் கல்வெட்டுகள் நிபந்தம், நிவந்தம் என்கின்றன. கட்டு என்பது வேர்ப்பொருள். கோணமலை இறைவனுக்கு 250 வேலி நிலம் விட்டதைச் சொல்லும் கல்வெட்டு நிலாவெளியில் கிடைத்தது. பெரியகுளத்து வெல்காம விகாரையின் தமிழ்க் கல்வெட்டுகளில் விளக்கெரிக்கக் கொடுத்த கொடைகள் வருகின்றன. கொடுத்தவர் மனம் பெரியதுதான். ஆனால் கொடையோடு ஒரு கடமையும் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது: விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

கத்தோலிக்கரின் பழைய மங்கள வார்த்தைச் செபத்தில் மரியாள் பிரியதத்தத்தால் நிறைந்தவள். அம்மம்மாமார் செபமாலை உருட்டியபடி நாளுக்கு ஐம்பது தரம் சொன்ன சொல் இது. பிரியம் என்றால் அன்பு. தத்தம் என்றால் கொடுக்கப்பட்டது. பிள்ளையைத் தத்தெடுக்கிறோமே, அந்தத் தத்தும் இதுவே. அன்பினால் தரப்பட்டது, அவ்வளவுதான். எதற்காக, யாருக்கு, எதுவரை என்ற கேள்விகள் இந்தச் சொல்லுக்குள் இல்லை.

1578 இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்ற கிறிஸ்தவ நூலின் காலத்தில் வேதச் சொற்கள் பல போர்த்துக்கீச மொழியிலிருந்தே நேரே வந்தன. 1606 இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி தத்துவ போதகரின் வழியினர் வடசொற்களை எடுத்தாண்டார்கள். இஷ்டப்பிரசாதம், வரப்பிரசாதம் எல்லாம் அந்த மரபு. கோணேசர் கோயிலில் கையேந்தி வாங்குவதும் பிரசாதம், மாதா கோயிலில் மன்றாடிக் கேட்பதும் பிரசாதம் என்று இரண்டு வழிபாடுகள் ஒரு சொல்லைப் பங்கிட்டு வாழ்ந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பின் வழிபாட்டுத் தமிழ் மாறியபோது பிரியதத்தம் போய் அருள் வந்தது. நல்ல மாற்றம்தான். வள்ளுவர் அன்பை இல்லறத்திலும் அருளைத் துறவறத்திலும் வைத்தார். தொடர்புடையவர்மேல் செல்வது அன்பு, தொடர்பு பாராமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று பரிமேலழகர் பிரித்துக் காட்டுகிறார். மெதடிஸ்த சபையார் நாவில் இதே இடத்தில் நிற்பது கிருபை. 136ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களிலும் அது திரும்பத் திரும்ப வரும். 1995இன் திருவிவிலியத்தில் அங்கே பேரன்பு.

தொடர்பு பாராமல் என்று எழுதும்போது யூஜின் ஜோன் ஹேபியர் அடிகளார் நினைவுக்கு வருகிறார். அமெரிக்கர், இந்தப் பகுதியில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி. அன்று திருகோணமலையும் மட்டக்களப்பும் ஒரே மறைமாவட்டம். 2012 இல்தான் பிரிந்தன. 1990 ஆகஸ்டில், கலவரத்தில் சிக்கியிருந்தவர்களுக்கு உதவ வாழைச்சேனைக்குப் போனார். 15ஆம் திகதி, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, ஒரு தமிழ் இளைஞனோடு மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். இரத்த உறவோ, மொழி உறவோ, ஊர் உறவோ அவருக்கு இங்கே கிடையாது. அவரை இங்கே கட்டிவைத்த நிபந்தம் எதுவும் இல்லை.

நிபந்தனையற்ற என்பதைவிடப் பிரியதத்தத்தையே நான் விரும்புகிறேன். முன்னது இல்லாத ஒன்றைச் சொல்லி அன்பை விளக்குகிறது. பின்னது அன்பையே சொல்லிவிடுகிறது. நிபந்தனையைத் தேடிப் போகிறவர்களும் பெரும்பாலும் நாங்களே. வள்ளம் பத்திரமாய்க் கரை சேர்ந்தால் அந்தோனியாருக்கு மெழுகுதிரி, பிள்ளை சோதனையில் சித்தியடைந்தால் நடைப்பயணம் என்று நேர்த்தி வைக்கிறோம். லூக்கா 15இல் வீடு திரும்பும் இளைய மகனும் புறப்படுமுன்பே தன் உடன்படிக்கையைத் தயாரித்துக்கொள்கிறான்: மகனாக வேண்டாம், கூலியாளாய் வைத்துக்கொள்ளுங்கள். தகப்பன் ஓடிவந்து கட்டிப்பிடித்து, அவன் பேச்சை முடிக்குமுன்பே உயர்ந்த ஆடையைக் கொண்டுவரச் சொல்கிறார். கூலியாள் என்ற சொல்லை அவன் தகப்பனிடம் சொல்லவே இல்லை.