காய் இறங்க எத்தனை விழவேண்டும்?

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே எந்தத் திண்ணையில் கேட்டாலும், தாயக்கட்டை ஆட்டத்தில் காய் இறக்க ஒன்று விழவேண்டும் என்பார்கள். அந்த ஒன்றுக்குத்தான் தாயம் என்று பேர். வாய்க்காலுக்குக் கிழக்கே குடியிருந்த பிரெஞ்சுக்காரர்களின் நாட்டிலும் இதே குலத்து ஆட்டம் உண்டு: 'பெத்தி ஷெவோ', அதாவது குட்டிக் குதிரைகள். அதில் குதிரை லாயத்தை விட்டுக் கிளம்ப ஆறு வேண்டும். இன்று கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து செல்போனில் லூடோ ஆடுகிற பிள்ளைகளும் ஆறுக்குத்தான் காத்திருக்கிறார்கள். ஒன்றுக்குப் போட்டியாக இந்த ஆறு எங்கிருந்து வந்தது?

வடக்கே இந்த ஆட்டம் பச்சீசி. சோழி உருட்டுவார்கள். 'பச்சீஸ்' என்றால் இருபத்தைந்து. பதேபூர் சிக்ரி முற்றத்தில் கல்தரையிலேயே கட்டம் போட்டு, ஆட்களையே காயாக நிறுத்தி அக்பர் ஆடினார் என்பது கதை. கட்டம் இன்னும் இருக்கிறது.

அதைக் கப்பலேற்றிக் கொண்டுபோனவர்கள் சும்மா இருப்பார்களா? அமெரிக்காவில் 1874இல் 'பார்ச்சீசி' என்று வணிகக் குறியே பதிந்துவிட்டார்கள். இங்கிலாந்தில் சோழியைத் தூக்கிப்போட்டு, ஆறு முகப் பகடையையும் அதைக் குலுக்க ஒரு குவளையையும் வைத்து, 1896இல் 'லூடோ' என்று காப்புரிமை வாங்கினார்கள். லத்தீனில் 'ஆடுகிறேன்' என்று பொருள். நம் தாயக்கட்டை இரண்டும் வெறும் முகத்தைக் காட்டினால் பன்னிரண்டு; அந்த வேடிக்கைக்கு ஒற்றைப் பகடையில் இடமில்லை. அதில் பெரிய எண் ஆறுதான்.

ஜெர்மனியில் யோசெப் ஷ்மிட் என்பவர் இதற்கு 'மனிதா, கோபப்படாதே' என்று பேர் வைத்தார். முதல் உலகப்போரின்போது ராணுவ ஆஸ்பத்திரிகளுக்கு 3,000 பெட்டிகளை இலவசமாக அனுப்பினார். படுத்துக்கிடந்த சிப்பாய்கள் ஆடிப் பழகி ஊருக்குக் கொண்டுபோனார்கள். அதைவிட நல்ல விளம்பரம் ஏது! புதுச்சேரித் தமிழர்கள் பிழைக்கப்போன சைகோனிலோ, ஆட்டத்தின் பேரில் குட்டிக் குதிரை கடல்குதிரையாகிவிட்டது.

2016இல் பாட்னாக்காரரான விகாஸ் ஜெய்ஸ்வாலின் நவி மும்பை நிறுவனம் 'லூடோ கிங்' செயலியை வெளியிட்டது. 2020 ஊரடங்கில் பாட்டியும் பேரனும் ஆளுக்கொரு ஊரிலிருந்து அதில் வெட்டிக்கொண்டார்கள். விரலால் ஒரு தட்டு. எண் விழும், காய் தானே தாவும். உள்ளங்கையில் தாயக்கட்டையைத் தேய்த்து உருட்டுகிற சாமர்த்தியத்துக்கு வேலையில்லை, எண்ணைப் போடுவது நிரல். "ஆறே விழமாட்டேங்குது, ஏமாத்துது" என்று செயலியைத் திட்டாத வீடு உண்டா? தாயக்கட்டையையும் இப்படித்தான் திட்டினோம்.

பெங்களூரின் கேம்பெரி நிறுவனம் இன்னும் கெட்டிக்காரத்தனமாக, 'பார்ச்சீசி ஸ்டார்' என்று ஒன்றைச் செய்து, இதே ஆட்டத்தைத் தங்கள் வழியில் ஆடுகிற ஸ்பெயின்காரர்களுக்கே ஆடக்கொடுத்தது. அங்கே காய் இறங்க ஐந்து விழவேண்டும். பெங்களூர்க்காரர்கள் அந்த ஐந்தில் கைவைக்கவில்லை.