‘லெலாக்கி கொமுனிஸ் தெராக்கிர்’: தடைசெய்யப்பட்ட ஆவணப்படத்தின் பின்னால் இருந்தவர்கள்

மலேசியாவின் சுயேச்சை ஆவணப்படங்களைப் பற்றிப் பேசும்போது தவறாமல் வரும் பெயர்களில் ஒன்று ‘லெலாக்கி கொமுனிஸ் தெராக்கிர்’. ‘கடைசி கம்யூனிஸ்ட்’ என்பது அதன் பொருள். 2006ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெர்லின் அனைத்துலகத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட இந்தப் படம், அதே ஆண்டு மே மாதம் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. தடையைப் பற்றிய செய்திகளில் இயக்குநரின் பெயர் மட்டுமே பெரிதாக வந்தது. ஆனால், படம் ஒரு சிறு குழுவின் உழைப்பு.

படம் எதைப் பற்றியது?

மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் சின் பெங், 1924இல் பேராக் மாநிலத்தின் சித்தியவானில் பிறந்தவர். 1989இல் ஹட்யாய் சமாதான உடன்பாடு கையெழுத்தான பிறகும் நாடு திரும்ப அனுமதி கிடைக்காமல், 2013இல் பேங்காக்கில் காலமானார். அவர் பிறந்த ஊரில் தொடங்கி, வாழ்ந்த ஊர்கள் வழியாகத் தென் தாய்லாந்து வரை படம் பயணம் செய்கிறது. சின் பெங் படத்தில் தோன்றவே இல்லை. அவருடைய வாழ்க்கை, திரையில் எழுத்துகளாக வருகிறது. அந்தந்த ஊரில் இன்று வாழும் சாதாரண மக்கள் தங்கள் தொழிலையும் ஊரையும் பற்றிப் பேசுகிறார்கள். மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் படத்தில் ஒலிக்கிறது.

தோட்டப்புறக் குடும்பங்களுக்கும் இந்தக் காலக்கட்டம் அந்நியமானதன்று. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் பல தோட்டங்களில் லயன் வீடுகள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு, முள்கம்பி வேலி போடப்பட்டது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். அந்த நாள்களை நேரில் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே.

குழுவில் யார், யார்?

இயக்குநர் அமிர் முகமட் 1972இல் பிறந்தவர். சட்டம் படித்தவர், நாளேட்டில் பத்தி எழுதியவர். 2003இல் அவர் எடுத்த ‘தி பிக் டூரியான்’ சவுக்கிட் துப்பாக்கிச்சூட்டையும் 1987ஆம் ஆண்டின் சூழலையும் பேசிய படம். அது அமெரிக்காவின் சன்டான்ஸ் விழா வரை சென்றது. பேட்டி கொடுப்பவர்களில் சிலர் உண்மையான மனிதர்கள், சிலர் நடிகர்கள் என்ற அதன் அமைப்பு அப்போது புதுமையாகப் பேசப்பட்டது.

தயாரிப்பாளர் தான் சுய் முய் ஓர் இயக்குநரும்கூட. அவரும் அமிர் முகமட், ஜேம்ஸ் லீ, லியூ செங் தாட் ஆகியோரும் சேர்ந்து தொடங்கியதுதான் டா ஹுவாங் பிக்சர்ஸ். ஒருவர் படத்திற்கு மற்றவர் தயாரிப்பாளராகவோ, தொகுப்பாளராகவோ, ஒலிப்பதிவாளராகவோ இருப்பது அவர்கள் வழக்கம். தான் சுய் முய் இயக்கி, 2006இல் பூசான் விழாவில் விருது பெற்ற ‘லவ் காங்கர்ஸ் ஆல்’ படத்திற்கு அமிர்தான் தயாரிப்பாளர்.

ஒளிப்பதிவு ஆல்பர்ட் ஹியூ. தீபக் குமாரன் மேனன் 2005இல் இயக்கிய ‘செம்மண் சாலை’யின் ஒளிப்பதிவாளரும் அவரே, அதற்கும் தயாரிப்பாளர் தான் சுய் முய். 1960களின் ரப்பர் தோட்டத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தின் கதை அது. ஒரு தோட்டத்துப் பெண்ணின் படிப்பு ஆசையைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களில் சீனர்களும் இருந்தார்கள் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

படத்தொகுப்பு அஸார் ருடின். பேசுபவர்கள் பெரும்பாலும் சின் பெங்கைப் பற்றிப் பேசுவதில்லை. திரையில் ஓடும் எழுத்துக்கும் அவர்கள் பேச்சுக்கும் உள்ள தொடர்பைப் பார்வையாளரே கண்டுபிடிக்க வேண்டும். எந்தப் பேட்டிக்குப் பிறகு எந்த எழுத்து வர வேண்டும் என்ற முடிவில்தான் படமே நிற்கிறது. அது தொகுப்பு மேசையில் நடக்கும் வேலை.

இசை ஹர்தேஷ் சிங். பழைய அரசாங்கப் பிரசாரப் படங்களின் பாணியில், இந்தப் படத்துக்கென்றே பாடல்கள் அமைக்கப்பட்டன. பாடியவர் சலிலா லீ. அரசியல் படம் என்று நினைத்து உட்கார்ந்தவர்கள் இடையில் சிரித்ததற்கு இந்தப் பாடல்களே காரணம்.

தடை வந்தது எப்படி?

தணிக்கை வாரியம் ஒரு வெட்டும் இல்லாமல் படத்திற்கு அனுமதி கொடுத்திருந்தது. அந்த மே மாதமே திரையரங்குக்கு வரவும் ஏற்பாடாகியிருந்தது. அதற்குள் மலாய் நாளேடு ஒன்றில் எதிர்ப்புக் கிளம்பியது. எதிர்த்தவர்கள் படத்தைப் பார்த்திருக்கவில்லை. உள்துறை அமைச்சு தடை விதித்தது. பின்னர் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அது தனியாகத் திரையிட்டுக் காட்டப்பட்டும் தடை நீங்கவில்லை.

குழு கலைந்துவிடவில்லை. தென் தாய்லாந்துக் கிராமம் ஒன்றில் வாழும் மலாய்க்கார முன்னாள் போராளிகளைப் பற்றி ‘ஆப்பா காபார் ஓராங் கம்போங்’ என்ற அடுத்த படம் 2007இல் வந்தது. அதுவும் பெர்லினுக்குச் சென்றது. அதுவும் இங்கே தடைசெய்யப்பட்டது. அமிர் பிறகு பதிப்பாளராகி, 2011இல் புக்கு ஃபிக்ஸி பதிப்பகத்தைத் தொடங்கினார்.

நமக்கு என்ன பாடம்?

தோட்டங்கள் துண்டாடப்பட்ட கதை, மரண ரயில் பாதைக்குப் போனவர்களின் கதை, மூடப்பட்ட தமிழ்ப்பள்ளிகளின் கதை எல்லாம் படமாக வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம். பெரிய தயாரிப்பாளர் வரட்டும் என்று காத்தும் இருக்கிறோம். இந்தக் குழுவிடம் இருந்தது பெரும்பணம் அன்று. வேலையைப் பிரித்துக்கொள்ளும் பழக்கம்.

ஊரில் ஐந்து பேர் சேர்ந்தால் போதும். ஒருவர் பெரியவர்களிடம் பக்குவமாகக் கேள்வி கேட்க வேண்டும். ஒருவர் படம் பிடிக்க வேண்டும். ஒருவர் ஒலியை மட்டும் கவனிக்க வேண்டும். படம் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை, பாட்டியின் குரல் கேட்காவிட்டால் எல்லாம் வீண். ஒருவர் தொகுக்க வேண்டும். இன்னொருவர் அனுமதிக் கடிதம், கணக்கு, பெயர்ப் பட்டியல் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்து போகாமல் உட்கார்ந்து படிப்பதும் நல்ல பழக்கம். நம் கதையை யாரெல்லாம் தூக்கிச் சுமந்தார்கள் என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.